ரேஞ்ச் ரோவர் ஈவோக்: ஷோரூமில் சொல்லாத சங்கதிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேண்ட் ரோவர் நிறுவனத்தின் ரேஞ்ச் ரோவர் வரிசையில் வரும் சிறிய எஸ்யூவிதான் ஈவோக். சாலையில் ஒன்று போனால் திரும்பிப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அந்தத் தோற்றத்துக்கு அடியில் என்ன இருக்கிறது, அது யார் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் அதை ஓட்டுபவர்களிலேயே பலருக்குத் தெரியாது. விலைப்பட்டியலும் கலர் சாய்ஸும் எங்கும் கிடைக்கும் என்பதால் இங்கே அவற்றைத் தேட வேண்டாம். வாசகர்கள் அடிக்கடி கேட்கும் மற்ற கேள்விகளுக்கு மட்டும் பதில்.

ஈவோக்கை ரத்தன் டாடா காலத்து டிசைன் என்கிறார்களே, சரியா?

பாதி சரி. 2008 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் கண்காட்சியில் 'எல்ஆர்எக்ஸ்' என்ற கான்செப்ட் காரை லேண்ட் ரோவர் காட்டியது. ஈவோக்கின் கரு அதுதான். அப்போது நிறுவனம் ஃபோர்டின் கையில் இருந்தது. டாடாவுடன் விற்பனைப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். மார்ச் மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது, ஜூன் 2ஆம் தேதி ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸ் வசம் வந்தன.

ஆக, வரைந்தது ஃபோர்டு காலத்தில். பணம் போட்டு ஆலைக்கு அனுப்பியது டாடா காலத்தில். அந்த வருடக் கடைசியில் உலகப் பொருளாதாரமே ஆட்டம் கண்டது, விலை உயர்ந்த கார்கள் விற்கவில்லை. வாங்கியது தப்புக் கணக்கு என்று நம் ஊர்ப் பத்திரிகைகளே எழுதின. அந்த நெருக்கடியிலும் எல்ஆர்எக்ஸ் திட்டத்தைக் கிடப்பில் போடாமல் தொடர்ந்தார்களே, டாடாவுக்குச் சேர வேண்டிய பாராட்டு அதற்குத்தான். பிரிட்டிஷ் அரசும் 2 கோடியே 70 லட்சம் பவுண்ட் மானியம் தந்து கைகொடுத்தது.

கான்செப்ட் கார் ஒன்று, கடைக்கு வரும் கார் வேறொன்று என்பதுதானே வழக்கம்?

அதுதான் வழக்கம். கண்காட்சி மேடையில் பறக்கும் தட்டு மாதிரி இருப்பது, ஷோரூமுக்கு வரும்போது சாதுவாகிவிடும். ஈவோக்கில் அப்படி நடக்கவில்லை. பின்னால் போகப் போகத் தாழும் கூரை, அதற்கு எதிராக ஜன்னலுக்குக் கீழே மேலேறும் இடுப்புக் கோடு, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கும் ஜன்னல் பட்டை, மூலைக்குத் தள்ளிய சக்கரங்கள் எல்லாம் அப்படியே வந்தன. டிசைன் தலைவர் ஜெர்ரி மெக்கவர்ன். முதல் தலைமுறை ஃப்ரீலேண்டரும் எம்ஜி எஃப் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரும் இவர் பேரைச் சொல்பவை.

மூன்று கதவு (டிக்கிக் கதவையும் சேர்த்து) கூப்பேதான் அசல் வடிவம். குடும்பத்தோடு போகிறவர்களுக்காக ஐந்து கதவு வண்டி சேர்ந்தது. அதன் கூரை 30 மி.மீ. உயரம். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்தான் வித்தியாசம் தெரியும். விற்பனையில் ஐந்து கதவு ஜெயித்தது, 2018இல் வந்த இரண்டாம் தலைமுறையில் மூன்று கதவு கிடையாது. 1970இல் பிறந்த முதல் ரேஞ்ச் ரோவருக்கும் பக்கக் கதவுகள் இரண்டே இரண்டுதான் என்பதால், பரம்பரைக் குணம் ஒன்று அங்கே அறுந்துவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

உள்ளே எல்லாம் ஃபோர்டு பாகங்கள்தான் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். உண்மையா?

முதல் தலைமுறையைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. அந்த வண்டியின் அடித்தளம் ஃப்ரீலேண்டர் 2இலிருந்து வந்தது. அது ஃபோர்டு குடும்பத்தின் 'இயூசிடி' தளத்தை மாற்றியமைத்தது. வோல்வோ எஸ்80, ஃபோர்டு மாண்டியோ ஆகியவையும் அதே வம்சம். பெட்ரோல் எஞ்சின் ஃபோர்டின் 2.0 ஈகோபூஸ்ட். டீசல் எஞ்சினான 2.2 லிட்டர், ஃபோர்டும் பியூஜோ குழுமமும் சேர்ந்து உருவாக்கியது.

கடன் வாங்கிய எலும்புக்கூட்டை அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. பானெட்டும் கூரையும் அலுமினியம், முன் ஃபெண்டர்களும் டிக்கிக் கதவும் பிளாஸ்டிக் கலவை. லேண்ட் ரோவரில் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் முதலில் வந்ததும் இதில்தான். 2014இல் வுல்வர்ஹாம்டனில் சொந்த எஞ்சின் ஆலை திறந்தபின், 'இன்ஜினியம்' என்ற சொந்த வரிசையில் டீசல், பிறகு பெட்ரோல் என்று ஃபோர்டின் சுவடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

இரண்டாம் தலைமுறை வேறு கதை. 2018 நவம்பரில் லண்டனில் அறிமுகமானபோது அவர்கள் சொன்ன தகவல் இது: பழைய ஈவோக்கிலிருந்து மாற்றாமல் எடுத்துக்கொண்டது கதவுக் கீல்களை மட்டும்தான். வெளியில் பார்த்தால் அதே கார், நீளத்திலும் 1 மி.மீ.தான் வித்தியாசம். உள்ளே எல்லாமே புதிது. நம் மெக்கானிக்குகளில் சிலர் இன்னும் இரண்டு தலைமுறைக்கும் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள். அதைக் கேட்டு பயப்படவும் வேண்டாம், தைரியப்படவும் வேண்டாம்.

விக்டோரியா பெக்கம்தான் டிசைன் செய்தாராமே?

இல்லை. 2010 ஜூலை 1 அன்று லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் ஈவோக்கை வெளியிட்டபோது, அவரை 'கிரியேட்டிவ் டிசைன் எக்சிகியூட்டிவ்' என்று மேடையேற்றினார்கள். காரின் வடிவம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பிறகு 2012இல் பெய்ஜிங்கில் அவர் பெயரில் ஒரு சிறப்புப் பதிப்பு வந்தது: பளபளப்பில்லாத சாம்பல் நிறம், அங்கங்கே ரோஸ் கோல்ட், கூடவே லக்கேஜ் செட். மொத்தம் 200 வண்டிகள், விலை கிட்டத்தட்ட 80,000 பவுண்ட். பெக்கமின் கைவண்ணம் என்று சொல்ல வேண்டுமானால் அந்த 200ஐச் சொல்லலாம்.

எங்கே தயாராகிறது?

தாய்வீடு இங்கிலாந்தில் லிவர்பூலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹேல்வுட். 1963இல் ஃபோர்டு ஆங்கிலியா காருக்காகத் திறந்த ஆலை அது. பல வருடங்கள் எஸ்கார்ட், பிறகு ஜாகுவார் எக்ஸ்-டைப், ஃப்ரீலேண்டர் 2 என்று கைமாறி, 2011 ஜூலையில் ஈவோக் உற்பத்தி தொடங்கியது. ஆர்டர் குவிந்ததால் அடுத்த வருடமே 24 மணி நேரமும் மூன்று ஷிஃப்ட் ஓட ஆரம்பித்தது. ஜாகுவாரின் சிறிய கார் நினைத்தபடி விற்காமல் எதிர்காலம் கேள்விக்குறியாக இருந்த ஆலை, இந்த ஒரு வண்டியால் நிமிர்ந்தது.

அதே ஆலை 2025 செப்டம்பரில் ஒரு மாதத்துக்கு மேல் முடங்கியது. காரணம் வேலைநிறுத்தம் இல்லை, சைபர் தாக்குதல். ஜாகுவார் லேண்ட் ரோவரின் கணினி அமைப்புகளையே அணைத்துவைக்க வேண்டிய நிலை. உதிரிபாகம் தரும் சிறு நிறுவனங்கள் தவித்தன, பிரிட்டிஷ் அரசு 150 கோடி பவுண்ட் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது.

சீனாவில் சாங்ஷு ஆலையிலும் ஈவோக் தயாரானது. இந்தியாவில் 2011 கடைசியில் முழு வண்டியாக இறக்குமதி, 2015 முதல் புனேயில் பாகங்களைக் கோர்த்துத் தயாரிப்பு. வரிச்சுமை குறைந்து விலை இறங்கியது அதனால்தான்.

தமிழ்நாட்டில் தயாராகும் என்ற பேச்சு?

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். டாடா கார்களோடு ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களையும் அங்கே தயாரிப்பது அப்போது அறிவித்த திட்டம்.

சீனாக்காரன் காப்பியடித்த கார் என்று படம் பார்த்தேன். அந்த வழக்கு என்ன ஆயிற்று?

ஈவோக் கதையிலேயே சுவாரசியமான பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2014 நவம்பரில் குவாங்சோ கண்காட்சியில் 'லேண்ட்விண்ட் எக்ஸ்7' என்ற கார் வந்தது. ஜியாங்லிங் குழுமத்தின் தயாரிப்பு. தாழும் கூரை, ஏறும் இடுப்புக் கோடு, ஒடுங்கிய ஜன்னல், பின்விளக்கு எல்லாம் ஈவோக்கேதான். தூரத்திலிருந்து பார்த்தால் ஜாகுவார் லேண்ட் ரோவர் ஊழியருக்கே சந்தேகம் வரும். விலையோ அசலில் மூன்றில் ஒரு பங்கு. அதே சமயத்தில்தான் ஈவோக்கைச் சீனாவிலேயே தயாரிக்கச் சாங்ஷுவில் ஆலை திறந்திருந்தார்கள். வயிற்றெரிச்சல் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரே போய் காப்புரிமை வழக்குப் போட்டால் முடிந்தது என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சீனாவில் ஒரு வடிவத்துக்கு டிசைன் உரிமை கேட்டால், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் அதை ஊரறியக் காட்டியிருக்கக் கூடாது. ஈவோக்கோ 2010இலேயே உலகத்துக்கே காட்டியாகிவிட்டது, விண்ணப்பம் போனது 2011 கடைசியில். 2016இல் சீனக் காப்புரிமை அதிகாரிகள் அந்த உரிமை செல்லாது என்றார்கள். அதோடு லேண்ட்விண்ட் வாங்கி வைத்திருந்த டிசைன் உரிமையும் செல்லாது என்றார்கள், ஈவோக்கைப் போலவே இருக்கிறது என்பதால். இரு தரப்பும் வெறுங்கையோடு நின்றன.

பிறகு பெய்ஜிங்கின் சாவோயாங் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2019 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: ஈவோக்கின் 5 தனி அம்சங்களை எக்ஸ்7 நகலெடுத்திருக்கிறது, வாங்குகிறவர்கள் குழம்பியிருக்கிறார்கள், ஆகவே தயாரிப்பு, விற்பனை, விளம்பரம் மூன்றையும் உடனே நிறுத்தி நஷ்ட ஈடும் தர வேண்டும். கார் வடிவத்தை நகலெடுத்ததற்காகச் சீன நீதிமன்றத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஜெயிப்பது அபூர்வத்திலும் அபூர்வம். எக்ஸ்7 அதற்குள் மூன்று வருடத்துக்கு மேல் விற்றுத் தீர்த்திருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வந்தபோது அசலே இரண்டாம் தலைமுறைக்குப் போய்விட்டது.

9 கியர் எதற்கு? 6 போதாதா?

2013 ஜெனீவா கண்காட்சியில் 9 வேக ஆட்டோமேட்டிக்கைக் காட்டியது ஈவோக்தான். பயணிகள் காரில் அதற்கு முன் கிடையாது. ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத் தயாரிப்பு. முன்பிருந்த 6 வேகப் பெட்டியைவிட 6 மி.மீ. மட்டுமே நீளம், எடையோ 7.5 கிலோ குறைவு. குறுக்கே வைத்த எஞ்சினுக்குப் பக்கத்தில் அவ்வளவுதான் இடம் உண்டு. அதற்காக இரண்டு இடங்களில் வழக்கமான கிளட்ச் தட்டுகளுக்குப் பதில், பல்லோடு பல் கோர்க்கும் 'டாக் கிளட்ச்' வைத்தார்கள். இடம் மிச்சம், உராய்வும் மிச்சம். ஆனால் பல் சரியாகக் கோர்க்க இரு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். அந்த நொடியில் சில சமயம் ஒரு சின்னத் தயக்கம் தெரியும். ஆரம்ப கால வண்டிகளில் இது பற்றிய முணுமுணுப்பு உலகெங்கும் இருந்தது, பிறகு மென்பொருள் மாற்றங்களால் குறைந்தது.

ஈவோக்கில் கரடுமுரடான பாதைக்கான தனி 'லோ ரேஞ்ச்' (குறைவேகக் கியர் தொகுதி) கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் முதல் கியர் 4.71 என்ற விகிதத்தில் அவ்வளவு குட்டையாக (வேகம் குறைவு, இழுவை அதிகம்) இருக்கிறது. செங்குத்தான மண் மேட்டில் அது ஊர்ந்து ஏறும். எதிர்முனையில் ஒன்பதாவது 0.48. நம் சாலைகளின் வேகத்தில் ஒன்பதாவது விழுவதைப் பார்ப்பதே அபூர்வம்.

எல்லா ஈவோக்கும் 4 வீல் டிரைவா?

இல்லை. முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டியும் உண்டு. ரேஞ்ச் ரோவர் சரித்திரத்தில் அப்படி ஒன்று வந்தது ஈவோக்கில்தான் முதல் முறை. எடையும் புகையும் குறைய வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஐரோப்பியக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடு கி.மீ.க்கு 130 கிராமுக்குக் கீழே வந்தது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள்.

4 வீல் டிரைவ் வண்டிகளிலும் 2013க்குப் பிறகு ஒரு தந்திரம் சேர்ந்தது. சுமார் 35 கி.மீ. வேகத்துக்கு மேல், தேவையில்லாதபோது பின்சக்கரத்துக்குப் போகும் தண்டையே கழற்றிவிட்டு, சறுக்கல் தெரிந்ததும் அரை நொடிக்குள் திரும்ப இணைத்துவிடும்.

மழைத் தண்ணீரில் இறக்கலாமா?

முதல் தலைமுறைக்கு அறிவித்த ஆழம் 500 மி.மீ., இரண்டாவது அறிமுகமானபோது 600 மி.மீ. இது மெதுவாக, நிதானமாக, தரை தெரிந்த தண்ணீரில் போவதற்கான கணக்கு. சென்னை சுரங்கப்பாதையில் எதிரே பேருந்து அலை கிளப்பிக்கொண்டு வரும்போது இந்த எண் செல்லாது. 600 மி.மீ. என்றால் சராசரி மனிதனுக்கு முழங்காலுக்குச் சற்று மேல். அதற்கு மேல் ஒரு விரல்கடை ஏறினாலும் திரும்பிவிடுங்கள்.

பானெட் வழியாகத் தரையைப் பார்க்கலாம் என்கிறார்களே, எப்படி?

'கிரவுண்ட் வியூ' என்று பெயர். இரண்டாம் தலைமுறையில் வந்தது. முன்கிரில்லிலும் பக்கக் கண்ணாடிகளிலும் கேமரா. குறுகலான சந்திலோ கல் மேட்டிலோ மெதுவாகப் போகும்போது, திரையில் பானெட் கண்ணாடிபோல் கரைந்து, முன் டயர்கள் மங்கலாகத் தெரியும், அவற்றுக்கு நடுவே கல்லும் பள்ளமும் நகரும். வேடிக்கை என்னவென்றால், காருக்கு நேர் அடியில் கேமரா எதுவும் இல்லை. ஒரு கணத்துக்கு முன் முன்கேமரா பிடித்த படத்தைத்தான், வண்டி நகர்ந்த தூரத்துக்கு ஏற்ப நகர்த்தி ஒட்டிக் காட்டுகிறது. ஆகவே நீங்கள் நின்ற பிறகு பானெட்டுக்கு அடியில் ஒரு பூனை நுழைந்தால் திரையில் தெரியாது. இதை எந்த விற்பனையாளரும் சொல்லிக் கேட்டதில்லை.

பின்பக்கம் சரியாகத் தெரிவதில்லை என்பது உண்மைதானா?

உண்மை. அழகுக்குக் கொடுத்த விலை அது. பின்கண்ணாடி ஒரு தபால்பெட்டி வாய் அளவுதான். அதற்கு மருந்தாகத்தான் இரண்டாம் தலைமுறையில் உள் கண்ணாடியையே திரையாக மாற்றும் வசதி கொடுத்தார்கள். கீழே ஒரு சுவிட்சைத் தட்டினால், கூரைமேல் உள்ள கேமராவின் காட்சி வரும். பின்சீட்டில் மூன்று பேர் தலை மறைத்தாலும் பிரச்சினை இல்லை, பார்வைக் கோணமும் அகலம். வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: கண்ணாடியில் தூரத்தைப் பார்க்கிறோம், திரையில் கிட்டத்தைப் பார்க்கிறோம். கண் ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

டிக்கி 591 லிட்டரா, 472 லிட்டரா? இரண்டு எண்ணும் பார்க்கிறேன்.

இரண்டும் சரி. 472 என்பது ஒரு லிட்டர் அளவுள்ள செங்கல் வடிவக் கட்டைகளை அடுக்கி எண்ணும் முறை. சந்து பொந்தெல்லாம் கணக்கில் வராது. 591 என்பது அதே இடத்தில் தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கு. நாம் டிக்கியில் தண்ணீர் கொண்டுபோவதில்லை, சூட்கேஸ்தான் கொண்டுபோகிறோம். மற்ற காரோடு ஒப்பிடும்போது 472ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

கூரை திறக்கும் ஈவோக் இந்தியாவில் விற்றதா?

விற்றது. 2018 மார்ச்சில் ரூ. 69.53 லட்சத்துக்கு. துணிக்கூரை 18 நொடியில் திறக்கும், 48 கி.மீ. வேகம் வரை ஓடிக்கொண்டே திறக்கலாம். கவிழப்போகிறது என்று தெரிந்தால் பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு அலுமினியக் கம்பிகள் 90 மில்லி விநாடியில் எழுந்து நிற்கும். டிக்கி 251 லிட்டர்தான். அதே வருடம் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். நம் வெயிலுக்கும் தூசிக்கும் இது விளையாட்டுப் பொருள். இன்று யாரிடமாவது இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.

பாதுகாப்பில் 5 ஸ்டார்தானே?

2019இல் ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் யூரோ என்கேப் அமைப்பு சோதித்த இரண்டாம் தலைமுறைக்கு 5. 2011இல் சோதித்த முதல் தலைமுறைக்கு 4தான். பாதசாரிமேல் மோதினால் ஏற்படும் காயத்தைக் குறைப்பதில் அது மதிப்பெண் இழந்தது. புதியதில் பானெட்டின் பின்விளிம்பில் பாதசாரிக்கென்றே ஏர்பேக் வைத்ததற்குக் காரணம் புரிகிறதா?

பெண்களுக்கான கார் என்று கிண்டல் செய்கிறார்கள்.

2012இல் உலகப் பெண்கள் கார் விருது ஈவோக்குக்குத்தான் கிடைத்தது. அதே 2012இல் 'வட அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த டிரக்' விருதும் இதே காருக்குத்தான். அங்கே எஸ்யூவிகளையும் டிரக் பிரிவில்தான் சேர்த்திருந்தார்கள். கிண்டல் செய்பவரிடம் இரண்டாவதைச் சொல்லுங்கள்.

பிளக்-இன் ஹைப்ரிட் ஈவோக் நல்லதா?

எஞ்சினோடு, வெளியே சார்ஜ் போடும் பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த வண்டி இது. பொறியியலாகப் பார்த்தால் மொத்த வரிசையிலும் எனக்குப் பிடித்தது இதுதான். 2020இல் ஐரோப்பாவில் வந்தது. 1.5 லிட்டர், 3 சிலிண்டர் எஞ்சின் முன்சக்கரங்களுக்கு, 80 கிலோவாட் மோட்டார் பின்சக்கரங்களுக்கு. இரண்டும் சேர்ந்து 309 பிஎஸ் (குதிரைத்திறன்). மின்சாரத்தில் மட்டும் ஓடும்போது இது முழுக்கப் பின்சக்கர வண்டி. இதில் 9 கியர் கிடையாது, 8தான். 2024 ஜனவரியில் இந்தியாவில் ரூ. 67.90 லட்சத்துக்கு வந்த புதுப்பித்த ஈவோக்கிலோ பெட்ரோல், டீசல் இரண்டு மட்டும்தான். இரண்டிலும் 48 வோல்ட் மைல்ட் ஹைப்ரிட் உண்டு. அது காரை மின்சாரத்தில் ஓட்டாது, நிற்கப்போகும் நேரத்தில் எஞ்சினைச் சீக்கிரம் அணைக்கவும் கிளம்பும்போது கைகொடுக்கவும் மட்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

புது இன்னோவா ஹைகிராஸ் விலைக்கும் கீழே பழைய ஈவோக் கிடைக்கிறது என்பதால் பலரும் கேட்கிறார்கள். வாங்கும் விலை இறங்கினாலும் உதிரிபாக விலை இறங்குவதில்லை. அதை முதலில் மனதில் வையுங்கள்.

பிறகு, எந்தத் தலைமுறை, எந்த எஞ்சின் என்று ஆர்சி புத்தகத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். 2015–16 வாக்கில் மாடல் ஒன்றுபோல் இருந்தும் எஞ்சின் மாறியிருக்கும். டீசல் என்றால் முந்தைய உரிமையாளர் எங்கே ஓட்டினார் என்று கேளுங்கள். தினமும் வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு என்று 5 கி.மீ. மட்டும் போன வண்டியில் புகை வடிகட்டி சூடேறிச் சுத்தமாக நேரமே கிடைத்திருக்காது, கரி அடைத்திருக்கலாம். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடிய வண்டி, கி.மீ. கூடுதலாக இருந்தாலும் மேல்.

சில முதல் தலைமுறை வண்டிகளில் காந்தச் சக்தியால் இறுகும் ஷாக் அப்சார்பர் இருக்கும். உள்ளே இரும்புத் துகள் கலந்த எண்ணெய், மின்சாரம் பாய்ந்ததும் கெட்டியாகும். சொகுசு அருமை, மாற்றும் செலவு அதைவிட 'அருமை'. டயர் வளைவுக்குள் டார்ச் அடித்து எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கியரை டி, ஆர் என்று மாற்றி மாற்றிப் போட்டு இடி வருகிறதா என்று கேளுங்கள். கண்ணாடிக் கூரை திறக்கவில்லை என்று மட்டும் பேரம் பேசாதீர்கள், முதல் தலைமுறையில் அது திறக்காத நிலைக்கூரைதான்.